மூணு நிமிஷம், ஒரு மைக்: பள்ளி வாரியக் கூட்டத்தில் ஆசிரியர் பேசலாமா?

கலிபோர்னியாவில் 18 வருடம் அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியார், சில வருடம் சங்கப் பிரதிநிதி. வக்கீல் இல்லை. அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளி வாரியம் என்பது இங்கே ஊர்ப் பள்ளிகளை நடத்த மக்கள் தேர்ந்தெடுக்கும் குழு. அதன் கூட்டத்தில் பொதுமக்களும் மைக்கில் சில நிமிடம் பேசலாம். அதைப் பற்றி ஆசிரியர்கள் என்னிடம் கேட்டவை இவை.

சார், இந்த வருடம்தான் வேலையில் சேர்ந்தேன். வாரியக் கூட்டத்தில் எழுந்து பேசினால் வேலை போய்விடுமா?

பேசியதற்காக நீக்கக் கூடாது என்பதுதான் சட்டம். இல்லினாய் மாநிலத்தில் பிக்கரிங் என்ற ஆசிரியர், வாரியம் படிப்புக்கும் விளையாட்டுக்கும் பணத்தைப் பிரிக்கும் லட்சணத்தைப் பற்றி 1964-இல் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். வேலை போனது. 1968-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. கடிதத்தில் சில கணக்குகள் தப்பு, ஆனாலும் தெரிந்தே எழுதிய பொய் இல்லை என்று விட்டுவிட்டது.

ஆனால் நீங்கள் புதுசு. இங்கே முதல் இரண்டு வருடம் காரணம் சொல்லாமலே "அடுத்த வருடம் வேண்டாம்" என்று அனுப்பிவிடலாம். பேசியதால்தான் அனுப்பினார்கள் என்று நிரூபிப்பது உங்கள் தலைவலி. நான் புதுசாக இருந்தபோது பேசவில்லை. சங்கத்தில் நிரந்தரமான ஒருவரைப் பேசச் சொன்னேன்.

பிரின்சிபாலுக்கு மெயிலில் புகார் எழுதினேன். அதற்கும் இதே பாதுகாப்புதானே?

இல்லை, வேடிக்கை அங்கேதான். வேலையின் பாகமாக எழுதியதற்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது என்று 2006-இல் அதே உச்ச நீதிமன்றத்தில், கார்செட்டி வழக்கில், ஐந்து நீதிபதிகள் ஒரு பக்கம் நாலு பேர் மறுபக்கம் என்று தீர்ப்பானது. அடக்கமாக உள்ளே எழுதினால் பாதுகாப்பு குறைவு, ஊரார் முன்னால் குடிமகனாகப் பேசினால் அதிகம்! அதனால் மைக்கில் "இந்த ஊரில் வசிக்கிறேன், ஆசிரியராகவும் இருக்கிறேன்" என்று தொடங்குங்கள். தனியார் பள்ளி என்றால் இது எதுவும் பொருந்தாது.

மூன்று நிமிடத்தில் என்னதான் பேசுவது?

ஒரே விஷயம். முதல் தடவை நான் ஆறு விஷயம் எழுதிக்கொண்டு போனேன். பேச வேண்டும் என்று சீட்டு எழுதிக் கொடுத்து, இரண்டு மணி நேரம் காத்திருந்து, மைக்கைப் பிடித்தால் பச்சை விளக்கு. மூன்றாவது விஷயத்துக்கு வருவதற்குள் மஞ்சள். சிவப்பு எரிந்ததும் வாக்கியத்தின் நடுவில் மைக் அணைந்துவிட்டது. மேடையில் வாரிய உறுப்பினர் ஒருவர் போனைத் தடவிக்கொண்டிருந்தார்.

அடுத்த தடவை ஒன்றே ஒன்று: "என் மூன்றாம் பீரியடில் 38 பிள்ளைகள், 34 மேசை. நாலு பேர் ஜன்னல் திண்டில் நோட்டை வைத்து எழுதுகிறார்கள்." நாற்பது நொடியில் முடித்து உட்கார்ந்துவிட்டேன். போன் கீழே போனது. மறுவாரம் மேசை வந்தது. பிள்ளைகளின் எண்ணிக்கை குறையவில்லை, அது வேறு கதை.

பிள்ளைகள் பெயரை மட்டும் சொல்லிவிடாதீர்கள். அடையாளம் தெரிகிற மாதிரிகூட வேண்டாம்.

பேசி முடித்தேன், வாரியத்தார் ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை. அவமானமாக இருந்தது.

மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள். பொதுக் கூட்டங்களைத் திறந்த முறையில் நடத்தச் சொல்லும் கலிபோர்னியாவின் பிரவுன் சட்டப்படி (1953-இல் வந்தது), நிகழ்ச்சி நிரலில் இல்லாததை அவர்கள் அங்கே விவாதிக்க முடியாது. மறுநாள் மெயில் போட்டு அடுத்த நிரலில் சேர்க்கச் சொல்லுங்கள்.

கூட்டத்தில் பேசிய ஆசிரியைக்குக் கைவிலங்கு போட்ட வீடியோ பார்த்தேன். நிஜமா?

நிஜம். லூசியானா, ஜனவரி 2018. ஆசிரியர்களுக்குச் சம்பளம் ஏறாதபோது கண்காணிப்பாளருக்கு (அந்தப் பகுதிப் பள்ளிகளின் தலைமை அதிகாரி) மட்டும் எப்படி என்று ஓர் ஆசிரியை கேட்டார். வெளியேறச் சொல்லி, நடையில் விலங்கு மாட்டினார்கள். அவர் மேல் வழக்கு நடக்கவில்லை. அபூர்வம்தான், ஆனால் போகும்போது கூட ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

அண்ணா, என் தங்கை விழுப்புரம் பக்கம் அரசுப் பள்ளி ஆசிரியை. அவளும் இப்படிப் பேசலாமா?

வேண்டாம்மா, அங்கே கணக்கே வேறு. 1973-ஆம் வருட அரசு ஊழியர் நடத்தை விதிகள் இருக்கின்றன, அரசைப் பொதுவில் விமர்சித்தால் மெமோ வரும். பள்ளி மேலாண்மைக் குழுவில் கல்வி உரிமைச் சட்டப்படி முக்கால்வாசிப் பேர் பெற்றோர். கழிவறையில் தண்ணீர் வரவில்லை என்பதை ஓர் அம்மா எழுந்து சொல்லட்டும். தீர்மான நோட்டில் அது ஏறியதா என்று தங்கை பார்த்துக்கொண்டால் போதும்.