நாட்டுக்கு ஒரு டிரான்ஸ்பாண்டர்

கேள்வி: அண்டை நாடுகளுக்காக நம் செலவில் செயற்கைக்கோள் விட்டோம். மறு வருஷமே வங்கதேசம் பிரான்சில் ஒன்றைச் செய்யச் சொல்லி, அமெரிக்க ராக்கெட்டில் ஏற்றியது. இவர்களுக்கு நன்றியே கிடையாதா? இந்த லட்சணத்தில் தெற்காசியாவுக்குப் பொது விண்வெளி அமைப்பு ஒரு கேடா?

பதில்: தேதியைக் கொஞ்சம் பாருங்கள். நம் ஜிசாட்-9 ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது 2017 மே 5-இல். வங்கதேசம் தாலஸ் அலெனியா நிறுவனத்தோடு கையெழுத்துப் போட்டது 2015 நவம்பரில். நாம் பரிமாறுவதற்கு முன்பே அவர்கள் உலை வைத்துவிட்டார்கள், இதில் நன்றி எங்கே வந்தது?

அப்புறம், ஜிசாட்-9-இல் இருந்ததே 12 டிரான்ஸ்பாண்டர்கள்தான், அதாவது சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவிகள். நாட்டுக்கு ஒன்றாவது உண்டு என்பது ஏற்பாடு. சொந்தமாக டிடிஎச் நடத்த ஆசைப்படும் ஒரு நாட்டுக்கு அது எந்த மூலைக்கு? வங்கதேசம் விட்ட பங்கபந்து-1-இல் 40 இருந்தன. அதை விண்ணில் நிறுத்துவதற்கான இடத்தைக்கூட இன்டர்ஸ்புட்னிக் என்ற அமைப்பிடம் வாடகைக்குத்தான் எடுத்தார்கள். டாக்கா இருப்பது கிழக்குத் தீர்க்கரேகை 90 டிகிரியில். கிடைத்த இடமோ 119.1 டிகிரியில், இந்தோனேசியாவுக்கு மேலே. நல்ல இடங்களையெல்லாம் முன்னால் வந்தவர்கள் பிடித்துக்கொண்டதால், பின்னால் வரும் ஏழை நாடுகளுக்கு இதுதான் கதி. பொது அமைப்பு ஒன்று இருந்தால் சேர்ந்து வாதாட வேண்டிய விஷயமே இதுதான்.

2014-இல் பிரதமர் மோடி ஜிசாட்-9 திட்டத்தை அறிவித்தபோது, தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க்கின் பெயரில் 'சார்க் செயற்கைக்கோள்' என்றுதான் பெயர். கூட்டாகச் செய்வதானால் வருகிறோம் என்றது பாகிஸ்தான். செலவும் தயாரிப்பும் நம்முடையதாகவே இருக்கட்டும் என்றோம் நாம். அவர்கள் விலகினார்கள், பெயர் மாறியது. பாகிஸ்தானின் உள்நோக்கத்தைச் சந்தேகிக்க நமக்குக் காரணம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பணமும் நமது, முடிவும் நமது என்றால் அதற்குப் பெயர் அன்பளிப்பு. அரபு நாடுகள் 1976-இல் அரப்சாட் என்ற பொதுச் செயற்கைக்கோள் அமைப்பைத் தொடங்கியபோது ஆளுக்கொரு பங்கு போட்டார்கள். 1979-இல் எகிப்தை அரபு லீக்கிலிருந்தே விலக்கி வைத்தார்கள். அத்தனை சண்டைக்கு நடுவிலும் 1985-இல் முதல் செயற்கைக்கோள் மேலே போனது. பங்கு போட்டவன் அவ்வளவு லேசில் கைவிட மாட்டான்.

நம்மிடமும் உருப்படியான உதாரணம் இருக்கிறது. 2022 நவம்பரில் பூடானுக்காகப் போன செயற்கைக்கோள் இருபது கிலோகூட இல்லை. கேமரா இஸ்ரோவுடையது, பொழுதுபோக்காக ரேடியோவில் பேசிக்கொள்ளும் ஹாம் ரேடியோக்காரர்களுக்கான கருவியை இஸ்ரோவோடு சேர்ந்து செய்தவர்கள் பூடான் பொறியாளர்கள். பெங்களூருக்கு வந்து பயிற்சி எடுத்துக்கொண்டவர்கள் அவர்கள். படங்களை வாங்கிக்கொள்ள திம்புவிலேயே ஒரு தரை நிலையமும் வந்தது. 2,230 கிலோ ஜிசாட்-9-ஐ விட இதைத்தான் ஒத்துழைப்பு என்பேன்.

பொது அமைப்பு இப்போதைக்கு வருமா என்றால், வராது. சார்க் உச்சி மாநாடே 2014 காத்மாண்டுவுக்குப் பிறகு கூடவில்லை. அதற்காகக் காத்திருக்காமல் நேபாளம், இலங்கை, மாலத்தீவு என்று ஒவ்வொரு நாட்டோடும் பூடான் பாணியில் சிறிதாகத் தொடங்கலாம். செலவில் ஒரு பங்கை, சிறிய தொகையானாலும் சரி, அவர்களிடம் வாங்கிக்கொண்டே தொடங்க வேண்டும்.