அடுப்படிக் காலண்டர் வசனம்

கேள்வி: அக்கா, கஜா புயலில் எங்களுக்கு எழுபது தென்னை வேரோடு சாய்ந்துபோச்சு. திரும்ப வைத்த கன்று இப்பதான் பாளை விடுது. இந்த வருஷம் சம்பா அறுக்கிற நேரத்தில் மழை பிடித்து, கதிர் தண்ணீரில் படுத்து முளைத்துவிட்டது. என் ஏழு பவுனும் அடகில். சபையில் ஒருத்தர், "உங்க வீட்டுல விசுவாசக் குறைச்சல்" என்று சொல்லிவிட்டார். வீட்டுக்காரர் யாரோடும் பேசுவதில்லை; ராத்திரியில் பம்புசெட்டுக் கொட்டகையில் போய் உட்கார்ந்துகொள்கிறார். "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்ற காலண்டர் அடுப்படியில் தொங்குகிறது. பார்த்தாலே எரிச்சல் வருது. ஜெபிக்க வாய் வரவில்லை. இது பாவமா?
- பெயர் வேண்டாம், பேராவூரணி பக்கம்

பதில்: பாவமில்லை, தங்கச்சி. கஜா அடித்த 2018 நவம்பர் 16 விடியுமுன் பொறையாறில் என் வீட்டு முருங்கை ஒன்று முறிந்தது, அவ்வளவுதான். உங்கள் பக்கம் விழுந்தது பிள்ளை மாதிரி வளர்த்த மரம். அதனால் உபதேசம் பண்ண எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

முதலில் கொட்டகை விஷயம். இன்று ராத்திரி அவரைத் தனியே விடாதீர்கள். டீயைப் போட்டு எடுத்துக்கொண்டு நீங்களும் போய் உட்காருங்கள். பூச்சிமருந்து எதுவும் இருந்தால் அண்ணன் தம்பி வீட்டில் கொடுத்து வையுங்கள். "சாகணும்போல இருக்கா?" என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த நினைப்பு புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றாலோ, பதிலே சொல்லாவிட்டாலோ, 104 என்ற சுகாதார உதவி எண்ணுக்குப் போன் போடுங்கள், விடிந்ததும் மனநல டாக்டரிடம் கூட்டிப்போங்கள். ஜெபித்தால் போதாதா என்று யாராவது கேட்டால் என் பெயரைச் சொல்லுங்கள்.

விசுவாசக் குறைச்சல் என்றவருக்கு: எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் படுத்து, "போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும்" என்றார். தூதன் வந்து விசுவாசத்தை அளந்து பார்த்தானா? தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து, சாப்பிடு என்றான். தின்றுவிட்டு அவர் திரும்பத் தூங்கினார். மறுபடி எழுப்பி மறுபடி சாப்பாடு. பேச்சு எல்லாம் அதற்கு அப்புறம்தான். 1 இராஜாக்கள் 19. அந்தப் பெரியவர் ஒரு தரம் வாசிக்கட்டும்.

அந்தக் காலண்டர் வசனத்தோடு எனக்கும் பழைய பகை உண்டு. என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்தபோது, ஓய்வு பெற்ற டீச்சர், ஓய்வுநாள் பள்ளியில் முப்பது வருஷம் பாடம் சொன்னவள் என்ற மிதப்பில், யார் வந்தாலும் "கர்த்தர் பெலன் தருவார், நாங்க சமாளிக்கிறோம்" என்பேன். அவரைத் தூக்கித் தூக்கி என் இடுப்பு போச்சு. எதிர்வீட்டு பாய் அம்மா நோன்புக் கஞ்சி கொண்டுவந்தார். அதையும் வேண்டாமென்று அனுப்பினேன். அன்று ராத்திரி தூக்கம் வராமல் பிலிப்பியர் நிருபத்தை முதலிலிருந்து வாசித்தேன். பவுல் அதைக் கட்டுண்டு கிடந்த இடத்திலிருந்து எழுதுகிறார். (தரங்கம்பாடிக்கு வந்த மிஷனரி, எங்கள் சீகன்பால்க் ஐயரும் 1708-09-ல் தரங்கம்பாடிக் கோட்டையில் நாலு மாதம் அடைபட்டுக் கிடந்தவர்தான். ஆனால் 1715-ல் அவர் அச்சிட்டு முடித்த தமிழ்ப் புதிய ஏற்பாட்டைத்தான் எல்லாரும் பேசுவோம்.) எல்லாவற்றையும் செய்யப் பெலனுண்டு என்பது 4-ஆம் அதிகாரம் 13-ஆம் வசனம். அதற்கு முந்தின வசனத்தில் அவர் சொல்கிற "எல்லாம்" என்ன தெரியுமா? பட்டினியும் குறைச்சலும்கூட. 14-ஆம் வசனம்: "ஆனாலும், நீங்கள் என் உபத்திரவத்தில் என்னோடுகூட உடன்பட்டது நலமாயிருக்கிறது." பிலிப்பி சபையார் தங்கள் ஆள் எப்பாப்பிரோதீத்து கையில் கொடுத்தனுப்பிய உதவியை வாங்கிக்கொண்டு எழுதின நன்றிக் கடிதம் அது. அறுபது வயது வரைக்கும் நான் 13-ஓடு நிறுத்திக்கொண்டிருந்தேன். விடிந்ததும் பாய் அம்மா வீட்டுக்குப் போய், தூக்குவாளியை நானே நீட்டினேன்.

நகை அடகை ஒளிக்காதீர்கள்; மகளிர் குழுவில் நம்பிக்கையான ஒருத்தியிடமாவது சொல்லுங்கள். அடங்கலுக்கும் (என்ன பயிர் வைத்தீர்கள் என்று காட்டும் கிராமக் கணக்கு) பயிர்ச் சேத மனுவுக்கும் வி.ஏ.ஓ. ஆபீசுக்கு அவரைத் தனியே அனுப்பாமல் கூடப் போங்கள்.

ஜெபிக்க வாய் வராத நாளில் 88-ஆம் சங்கீதத்தைச் சத்தமாக வாசியுங்கள். கடைசி வரியிலும் இருட்டுதான், விடியலே கிடையாது. அதுவும் வேதத்தில் இருக்கிறது.

காலண்டரைக் கழற்ற வேண்டாம். அந்த வசனத்துக்குக் கீழே பேனாவால் 14-ஆம் வசனத்தையும் எழுதி மாட்டுங்கள்.