ஹீலியோஸ் 44-2: வலது ஓரம் மட்டும் மங்கினால்

செங்கல் சுவரை ஹீலியோஸ் 44-2 லென்ஸில் எஃப்/2-இல் (துளையை முழுதாகத் திறந்து) எடுத்தால் வலது ஓரம் மட்டும் மசமசவென்று இருக்கிறது, லென்ஸைத் திருப்பி அனுப்பிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். கேமரா சுவருக்கு நேராக நிற்காமல் கொஞ்சம் சாய்ந்திருந்தாலே எஃப்/2-இல் ஒரு பக்கம் மங்கிப் போய்விடும். அதுபோக இந்த 58 மி.மீ. ஹீலியோஸ் ஸைஸ் பயோட்டார் என்ற பழைய ஜெர்மன் லென்ஸின் வழி வந்தது, நடுவில் ஃபோகஸ் வைத்தால் ஓரங்கள் மங்குவது அதன் பிறவிக் குணம். ஆனால் இரண்டு ஓரமும் ஒரே மாதிரி மங்க வேண்டும், உங்கள் படத்தில் இடிப்பது அதுதான்.

மூன்று நான்கு மீட்டர் தள்ளிச் சுவரில் செய்தித்தாள்களை அகலமாக ஒட்டி, டிரைபாடில் வைத்து, கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசேஷனை அணைத்து, 2 விநாடி டைமர் போடுங்கள். நடுவை விட்டுவிட்டு, திரையைப் பெரிதாக்கி வலது ஓர எழுத்துக்கே ஃபோகஸ் வையுங்கள். இடது ஓரத்துக்குக் கிடைக்கிற அளவு கூர்மை வந்துவிட்டால் எங்கேயோ சாய்வு இருக்கிறது, அவ்வளவுதான். எவ்வளவு திருகினாலும் எழுத்துக்கு வால் முளைத்த மாதிரியே இருந்தால் உள்ளே கண்ணாடி மையம் விலகியிருக்க வாய்ப்பு அதிகம்.

அப்புறம் இந்த லென்ஸைத் திருகி மாட்டும் எம்42 மரையில் ஒரு வசதி உண்டு. லென்ஸை அரைச் சுற்று கழற்றி, ஆடாமல் பிடித்துக்கொண்டு மறுபடி ஃபோகஸ் செய்து எடுங்கள். மங்கல் இடது பக்கம் போனால் லென்ஸ், வலதிலேயே நின்றால் அடாப்டரோ (லென்ஸைக் கேமராவோடு இணைக்கும் வளையம்) கேமராவோ சுவரோ. (அரைச் சுற்றில் லென்ஸ் அரை மி.மீ. முன்னால் வந்துவிடும், தூரத்துக்கு ஃபோகஸ் ஆகாது, அதனால்தான் தாளைப் பக்கத்தில் ஒட்டச் சொன்னேன்.) என் விஷயத்தில் குற்றவாளி மலிவு அடாப்டர், நான் திட்டியதெல்லாம் லென்ஸை.