தியானத்தில் உட்கார்ந்ததும் தூக்கம் வருகிறதா?

விட்டுவிடாதீர்கள், நேரத்தை மட்டும் மாற்றுங்கள். மூன்று வாரமாகக் காலை 5 மணிக்கு உட்கார்ந்தும் ஐந்தாவது நிமிடமே தலை தொங்குகிறது, பலனே தெரியவில்லை என்கிறீர்கள். படுப்பது இரவு 12 மணிக்கு என்றும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் அதுதான் காரணம். கண்ணை மூடி அசையாமல் இருந்தால், பாக்கித் தூக்கத்தை உடம்பு வசூலிக்கத்தானே செய்யும்?

ஒரு வாரம் இப்படிச் செய்து பாருங்கள். மாலையில், சாப்பாட்டுக்கு முன், பத்தே நிமிடம். சுவரில் சாய வேண்டாம். கண்ணைப் பாதி திறந்து, மூன்றடி தள்ளித் தரையைப் பாருங்கள். மூச்சை ஒன்று முதல் பத்து வரை எண்ணுங்கள், மறுபடி ஒன்று. திடீரென்று ‘பதினேழு’ என்று எண்ணிக்கொண்டிருப்பீர்கள். பரவாயில்லை, அதைக் கவனித்துத் திரும்புவதுதான் பயிற்சியே. (எனக்கு முதல் மாதம் முழுக்க கேஸை மூடினோமா என்ற நினைப்புதான்.) மாலையில் தூக்கம் வரவில்லையென்றால் கோளாறு தியானத்தில் இல்லை, படுக்கும் நேரத்தில்.

அப்புறம், பலன். 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட்-சின் தொடங்கிய, தியானம் வழியான மன அழுத்தக் குறைப்புப் பயிற்சியே 8 வாரம். மூன்று வாரத்தில் தீர்ப்பு எழுதாதீர்கள். உட்காரும்போதே பலனைத் தேடவும் வேண்டாம். சிக்னலில் பின்னாலிருந்து ஹாரன் அடித்தால் கோபம் ஒரு நொடி தாமதமாக வருகிறதா என்று பாருங்கள்.

இதை நம்பி பிரஷர் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். உட்கார உட்காரப் படபடப்பு கூடினால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் பேசுங்கள்.