மெயின் பேனலுக்குள் தண்ணீர் போய்விட்டது, துடைத்துக் காயவைத்தாயிற்று. ஆன் செய்யலாமா?

செய்யக் கூடாது. மெக்கர் (இன்சுலேஷன் எவ்வளவு தாங்குகிறது என்று ஓமில் காட்டும் மீட்டர்) போட்டதாக நீங்கள் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. ஃபேன் வைத்ததையும் துணியால் துடைத்ததையும் மட்டும் எழுதியிருக்கிறீர்கள். பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டு "அதான் காஞ்சிடுச்சுல்ல, போடுப்பா" என்று நச்சரிக்கிறார் என்பது கேள்வியைப் படித்தாலே தெரிகிறது. அவரை எனக்கு நன்றாகத் தெரியும். ஒவ்வொரு சைட்டிலும் ஒவ்வொரு பெயரில் இருப்பார்.

நான் பேனல் மெயின்டனன்ஸ் பார்ப்பவன். இன்ஜினியர் இல்லை. "தியரி தெரியாமல் பேசுகிறான்" என்று கீழே எழுத வருகிறவர்கள் தாராளமாக எழுதலாம், கடைசிவரை படித்துவிட்டு எழுதுங்கள்.

ஒரு ஒர்க்‌ஷாப்பில் எலக்ட்ரிக்கல் ரூமுக்கு மேலே ஓடிய தண்ணீர்க் குழாய் லீவு நாளில் விட்டுக்கொண்டது. தண்ணீர் கேபிள் ட்ரேயில் விழுந்து, கேபிளைப் பிடித்துக்கொண்டே வந்து, மேல் கிளாண்ட் (கேபிள் நுழைகிற வாய்) வழியாகப் பேனலுக்குள் இறங்கியிருந்தது. நான் போவதற்குள் கதவைத் திறந்துவைத்து புளோயர் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். "தொட்டுப் பாருங்க, ஈரமே இல்ல" என்றார் மேனேஜர். அவர் தொட்டுக் காட்டியது கதவை.

உள்ளே கை வைக்கும் முன் செய்ய வேண்டியதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இன்கமரை (பேனலுக்குள் சப்ளை நுழைகிற மெயின் பிரேக்கரை) ஆஃப் செய்தாலும் அதன் மேல் டெர்மினலில் சப்ளை இருக்கும். அதனால் பேனலுக்கு வருகிற சப்ளையையே முந்தைய இடத்தில் நிறுத்தி, பூட்டுப் போட்டு, டேக் மாட்ட வேண்டும். ஜெனரேட்டர், யூபிஎஸ், சோலார் என்று எந்தப் பக்கமிருந்தும் ரிட்டர்ன் வரலாம். டெஸ்டரை முதலில் உயிருள்ள லைனில் வைத்துப் பார்த்து, அப்புறம் பேனலில் பார்த்து, மறுபடியும் உயிருள்ள லைனில் பார்க்க வேண்டும். டெஸ்டரே செத்திருந்தால் பஸ்பார் (பேனலுக்குள் கரன்ட் ஓடுகிற உலோகப் பட்டை) செத்திருப்பதாகத்தான் காட்டும். கெப்பாசிட்டர் பேங்க் இருந்தால் டிஸ்சார்ஜ் ஆகும்வரை காத்திருந்து, வோல்டேஜ் பார்த்த பிறகே கிட்டே போக வேண்டும்.

சர்ஜ் அரெஸ்டர், மீட்டர், கன்ட்ரோல் ஃபியூஸ் எல்லாவற்றையும் கழற்றி, நியூட்ரல் லிங்க்கையும் விடுவித்து 500 வோல்ட் மெக்கர் வைத்தேன். ஆர், ஒய், பி என்ற மூன்று பேஸில் ஆர், பி இரண்டும் நன்றாக இருந்தன. ஒய் பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே மட்டும் ரீடிங் அடிமட்டத்தில் கிடந்தது. புளோயரை இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டியதும் ரீடிங் ஏறியது. ஐஇசி 60364-6 தரநிலை கேட்கிற 1 மெகா ஓம்மைத் தாண்டியதும் மேனேஜர் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். "பாத்தீங்களா, நான் சொன்னேன்ல?"

புளோயரை நிறுத்தி, பேனலை ஆறவிட்டு, மறுநாள் காலையில் மெக்கர் போடுகிறேன் என்றேன். ஒரே வாக்குவாதம். காலையில் போட்டால் ரீடிங் மறுபடியும் கீழே. இந்த இடத்தைக் கவனியுங்கள். சூடு 10 டிகிரி ஏறினால் இன்சுலேஷன் ரீடிங் ஏறக்குறைய பாதியாகும், ஆறினால் கூடும். நல்ல இன்சுலேஷனின் குணம் அது. இங்கே ஆறியபோது விழுந்தது. அப்படியென்றால் தண்ணீர் போய்விட்டது, தண்ணீர் கொண்டுவந்தது போகவில்லை.

டார்ச் அடித்துப் பார்த்தபோது ஒய் பேஸ் பஸ்பார் சப்போர்ட்டின் அடிப்பக்கம், முன்னாலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், பென்சில் கோடு மாதிரி ஒரு வண்டல் தடம். பஸ்பாரிலிருந்து ஃப்ரேம் வரை அறுபடாமல் போயிருந்தது. தண்ணீரில் கரைந்திருந்த உப்பும், ட்ரேயில் படிந்திருந்த தூசியும் சேர்ந்து காய்ந்தது. இது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். சப்ளை கொடுத்தால் அதன் வழியே கரன்ட் கசியும், கசிகிற இடம் சூடாகும், பிளாஸ்டிக் கரியாகும், கரி இன்னும் நன்றாகக் கரன்ட்டைக் கடத்தும். ஒரு நாள் டமார். அன்றைக்குக் கதவைத் திறந்துகொண்டு யார் நிற்கிறார்களோ அவர்கள் பாடு.

அதனால் சுத்தம் முதலில், காயவைப்பது பிறகு. தூசியை வேக்கூம் வைத்து உறிஞ்ச வேண்டும். கம்ப்ரஸர் காற்று அடித்தால் அழுக்கு இன்னும் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். பிரேக்கர்களைக் கழற்றிய பிறகு பஸ்பாரையும் சப்போர்ட்டையும் மட்டும் சுத்தமான தண்ணீரால் கழுவி, நூல் பிரியாத துணியால் துடைத்து, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் போட்டு மறுபடி துடைத்தோம். அது தீப்பிடிக்கும் சரக்கு. ஆவி முழுக்கப் போகும்வரை புளோயர்கூட வேண்டாம். அதற்கப்புறம்தான் காயவைத்தோம். ஆறிய பிறகும் ரீடிங் இறங்காமல் நின்றது.

இனி எம்சிசிபி, அதாவது மோல்டட் கேஸ் பிரேக்கர். ஃபீடர் (பேனலிலிருந்து வெளியே போகிற லைன்) எம்சிசிபி ஒன்றின் முகப்பு புத்தம் புதிதுபோல் பளபளவென்று இருந்தது. கழற்றிச் சாய்த்தேன். ஆர்க் வெளியேறுகிற ஓட்டை வழியாகப் பழுப்புத் தண்ணீர் சொட்டியது. மேனேஜர் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னது: "சரி, அதையும் காயவைங்க."

இங்கேதான் கமெண்டில் சண்டை வரும் என்று தெரியும். "எத்தனையோ நனைந்த பிரேக்கரைக் காயவைத்து ஓட்டியிருக்கிறோம்" என்பீர்கள். ஓடும், நான் மறுக்கவில்லை. கரன்ட்டைக் கடத்துவது அதற்குப் பெரிய வேலையே இல்லை. ஷார்ட் ஆகிற அன்றைக்கு அறுக்குமா என்பதுதான் கேள்வி. உள்ளே மெக்கானிசத்தின் கிரீஸைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போயிருக்கும், ஸ்பிரிங்கும் டிரிப் பாகமும் துருப்பிடித்திருக்கும், ஆர்க்கை அணைக்கிற தட்டு அடுக்கில் (ஆர்க் சூட்) சேறு இருக்கும். பிரித்துச் சுத்தம் செய்கிற பொருளும் இல்லை அது. தண்ணீரில் நனைந்த மின்சாதனங்களுக்கு அமெரிக்க மின்சாதனத் தயாரிப்பாளர் சங்கமான நெமா வெளியிட்ட வழிகாட்டியிலும் மோல்டட் கேஸ் பிரேக்கரை மாற்று என்றுதான் இருக்கிறது. ஃபியூஸுக்கும் அதே கதி. பெரிய ஏசிபியை (ஏர் சர்க்யூட் பிரேக்கர்) தயாரிப்பாளரின் ஆட்கள் பார்த்துச் சரிசெய்ய வாய்ப்புண்டு, நாமாகப் பிரிக்கக் கூடாது.

"நனைந்த பிரேக்கரையே போடச் சொல்லி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க, போடுகிறேன்" என்றேன். சும்மா சொன்னதுதான், கொடுத்திருந்தாலும் போட்டிருக்க மாட்டேன். கொடுக்கவில்லை. புது எம்சிசிபி வந்தது.

உங்களுக்குத் தண்ணீரோடு ஷார்ட்டும் ஆகியிருந்தால் கதை வேறு. வெடித்த செல்லில் (பேனலின் ஓர் அறை) மட்டும் பார்த்தால் போதாது. புகையும் ஆவியான செம்பும் பக்கத்து செல்களிலும் கறுப்பாகப் படிந்திருக்கும், அது கரன்ட் கடத்தும். சப்போர்ட்டில் கரி தடம் விழுந்திருந்தால் சுரண்டி மேக்கப் போடாதீர்கள், மாற்றுங்கள். வெள்ளி முலாம் போட்ட கான்டாக்ட்டில் எமரி பேப்பர் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ரத்தம் கொதிக்கும், முலாமையே எடுத்துவிடுகிறார்கள். அந்த ஷார்ட்டை அறுத்த பிரேக்கரையும் நம்பாதீர்கள். எவ்வளவு பெரிய ஷார்ட் கரன்ட்டை அறுக்கும் என்பதற்கு லேபிளில் ஐசியு, ஐசிஎஸ் என்று இரண்டு எண் இருக்கும். ஐசியு அளவுக்கு ஒரு ஃபால்ட்டை அறுத்த பிரேக்கர் அதற்கப்புறம் தன் ரேட்டட் கரன்ட்டைத் தாங்கும் என்று ஐஇசி 60947-2 உத்தரவாதம் தரவில்லை. ஐசிஎஸ் வரைக்கும்தான் அந்த உத்தரவாதம்.

கேட்டதற்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அந்த வேலையின் ரீடிங் எல்லாவற்றையும் நான் கைப்பட எழுதிக் கொடுத்தேன். டைப் ஆகி ரிப்போர்ட்டாக வந்தபோது கீழே வேறொருவர் கையெழுத்து, பேனலைத் திறந்தே பார்க்காதவர். என் பெயர் ஓர் ஓரத்தில்கூட இல்லை. ராத்திரி போனில் "சார், கொஞ்சம் வாங்க சார்" என்பார்கள். பேனல் ஓட ஆரம்பித்துவிட்டால் "அந்த எலக்ட்ரீஷியன்". சம்பளத்தைவிட இதுதான் எரிச்சல். இருக்கட்டும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பேனல் ஆறிய பிறகும் மெக்கர் ரீடிங் இறங்காமல் நின்றால், தண்ணீர் வந்த வழியை அடைத்தபின், எல்லா ஃபீடரும் ஆஃபில் இருக்க இன்கமரை மட்டும் போடுங்கள். கதவு மூடியிருக்கட்டும், நேர் எதிரே நிற்காதீர்கள். அப்புறம் ஒவ்வொரு ஃபீடராக. லோடு ஏறிய பிறகு தெர்மல் கேமரா வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், கழற்றி மாட்டிய ஜாயின்ட்களை முக்கியமாக. அவற்றை டார்க் ரெஞ்ச் (முறுக்கை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்துத்தான் முறுக்கினார்களா, கைக்கணக்கிலா என்பது அதில் தெரிந்துவிடும். மீட்டருக்கு முந்தைய பக்கம் நனைந்திருந்தால் அது சப்ளை கொடுப்பவர்களின் வேலை, நீங்கள் சீலைத் தொடாதீர்கள்.