கடையிலேயே ஒரு பக்கம் வாசித்துப் பாருங்கள்

குழந்தைகளுக்கு வாசித்துக் காட்டும் இயற்கை, அறிவியல் படப் புத்தகங்களைப் பற்றி வந்த கேள்விகளை இந்த முறை சேர்த்துத் தந்திருக்கிறேன்.

கேள்வி: என் மகளுக்கு நான்கு வயது. பறவை, விலங்கு, பூச்சி, கிரகம் என்று பத்துப் புத்தகங்கள் உள்ள ஒரு செட்டை 899 ரூபாய்க்கு வாங்கினேன். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு படம், கீழே பெயர், அவ்வளவுதான். வாசிக்க உட்கார்ந்தால் இரண்டாம் பக்கத்திலேயே எழுந்து ஓடிவிடுகிறாள். அவளுக்கு இதில் ஆர்வம் இல்லையா, நான் வாங்கியதுதான் தப்பா? (ஈரோட்டிலிருந்து ஓர் அம்மா)

பதில்: ஆர்வமெல்லாம் இருக்கும். அந்தப் புத்தகங்களில் வாசித்துக் காட்டத்தான் ஒன்றும் இல்லை. "இது மயில், இது கிளி" என்று விரல் வைத்துக் காட்டுவது ஒன்றரை வயதுக் குழந்தைக்குப் போதும். நான்கு வயதில் "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்க ஏதாவது இருக்க வேண்டும்.

அது இயற்கையிலேயே கொட்டிக் கிடக்கிறது. தூக்கணாங்குருவியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண் குருவி நாரைக் கிழித்துக் கிழித்துக் கொண்டுவந்து கூட்டைப் பாதி வரை பின்னும். பெண் குருவி வந்து உள்ளே நுழைந்து பார்க்கும். பிடித்திருந்தால்தான் மீதிக் கூடு எழும். பிடிக்கவில்லையென்றால் அது பறந்துவிடும், பாதிக் கூடு மரத்தில் அப்படியே தொங்கும். இதில் கற்பனை ஒரு சொல் கூட இல்லை. ஆனாலும் பெண் குருவி கூட்டுக்குள் நுழையும் இடத்தில் பக்கம் முடிந்தால், அடுத்த பக்கத்தைத் திருப்பக் குழந்தையின் கைதான் முதலில் வரும்.

அதனால் கடையில் அட்டையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து, வீட்டில் வாசிக்கும் அதே குரலில் வாசியுங்கள். யாராவது திரும்பிப் பார்த்தாலும் பரவாயில்லை. "வண்ணத்துப்பூச்சி என்பது பூச்சி இனத்தைச் சேர்ந்த ஓர் உயிரினம் ஆகும்" என்ற மாதிரி இருந்தால் அது பாடப்புத்தகம், திருப்பி வைத்துவிடுங்கள். நாக்கு தடுக்காமல் ஓட வேண்டும். சலசல, படபட, குடுகுடு என்று காதுக்குப் பிடித்த சொற்கள் அங்கங்கே வர வேண்டும். இந்த வயதுக்குப் பக்கத்துக்கு இரண்டிலிருந்து நான்கு வரி போதும். அதற்கு மேல் இருந்தால், நீங்கள் முடிப்பதற்குள் அவள் படத்தைப் பார்த்து முடித்துவிடுவாள்.

புத்தகத்தை இரண்டு பக்கமும் நன்றாக விரித்துப் பாருங்கள். நடுவில் பின் அடித்த மெல்லிய புத்தகம் தட்டையாக விரியும், மடியில் வைக்க வசதி. பசை போட்டு ஒட்டிய கனமான பைண்டிங் தானாக மூடிக்கொள்ளும். யானையின் பாதி உடம்பு நடு மடிப்புக்குள் போய்விட்டால் குழந்தைக்கு யானையே தெரியாது. பளபளப்பான தாளையும் நான் தவிர்ப்பேன். இரவில் டியூப்லைட் வெளிச்சத்தில் பக்கத்தில் படுத்திருக்கும் குழந்தைக்குப் படம் தெரியாது, மினுக்கம்தான் தெரியும்.

உங்களிடம் இருக்கும் செட் வீணில்லை. ஜன்னலில் ஒரு மைனா வந்து உட்காரும்போது எடுத்துக் காட்டுங்கள். வாசிக்க மட்டும் வேறு இரண்டு புத்தகங்கள் வாங்குங்கள். பத்து வேண்டாம்.

கேள்வி: படப் புத்தகங்களில் இருக்கும் அறிவியல் சரியா என்று எங்களைப் போன்றவர்கள் எப்படிக் கண்டுபிடிப்பது? நான் படித்தது வணிகவியல். (திருநெல்வேலியிலிருந்து ஓர் அப்பா)

பதில்: இதற்கு அறிவியல் பட்டம் வேண்டியதில்லை. சில படங்களைப் பார்த்தாலே புத்தகம் எவ்வளவு அக்கறையோடு செய்யப்பட்டது என்று தெரிந்துவிடும்.

எறும்பு இருந்தால் காலை எண்ணுங்கள். ஆறு இருக்க வேண்டும், ஆறும் உடம்பின் நடுப்பகுதியிலிருந்து கிளம்ப வேண்டும். சிலந்திக்கு எட்டு. பிறை நிலவு இருந்தால் அதன் இரண்டு கொம்புகளுக்கு நடுவே நட்சத்திரம் வரைந்திருக்கிறார்களா என்று பாருங்கள். அங்கே நிலவின் இருட்டான பகுதி இருக்கிறது, அதை ஊடுருவி நட்சத்திரம் தெரியாது. பென்குயினும் பனிக்கரடியும் ஒரே பனிப்பாறையில் நின்றால் தப்பு. பனிக்கரடி வட துருவத்தின் பக்கம் மட்டும்தான் உண்டு, பென்குயின் அங்கே கிடையாது. ஒட்டகத்தின் திமிலில் தண்ணீர் இருக்கிறது என்று எழுதியிருந்தாலும் தப்புதான், அதில் இருப்பது கொழுப்பு.

நம் ஊர் உயிர்களில்தான் தப்பு அதிகம் நடக்கிறது, எனக்கு மிகவும் வருத்தம் தருவதும் அதுதான். "கூ... கூ..." என்று கூவும் குயிலைப் பெண்ணாகவே எழுதிவிடுகிறார்கள். அப்படிக் கூவுவது கறுப்பாக இருக்கும் ஆண் குயில். பெண் குயில் பழுப்பு நிறம், உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. கூடு பின்னும் தூக்கணாங்குருவியை அம்மா என்று எழுதுவதும் அப்படித்தான். தீனி தேடி வரிசையாகப் போகும் எறும்புகளை அண்ணன், தம்பி என்கிறார்கள், வேலைக்கார எறும்புகள் எல்லாமே பெண். நாளை அந்தக் குழந்தை தோப்பில் நின்று நிஜக் குயிலைப் பார்க்கும்போது புத்தகம் சொன்னது பொய்யாகிவிடும்.

எறும்பு பேசலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். தாராளமாகப் பேசட்டும், அது பேசாது என்று குழந்தைக்கே தெரியும். ஆனால் நான்கு காலோடு நடக்கக் கூடாது. கடைசிப் பக்கத்தில் அறிவியல் ஆலோசகர் பெயரோ, பெரியவர்களுக்கான சிறு குறிப்போ இருந்தால் நல்ல அடையாளம்.

கேள்வி: வெளிநாட்டுப் புத்தகங்களின் தமிழ் மொழிபெயர்ப்பு வாங்கலாமா? (கோயம்புத்தூர்)

பதில்: கடல், விண்வெளி, டைனோசர் என்றால் வாங்கலாம், அதற்கு ஊர் கிடையாது. பருவம், மரம், தோட்டம் என்றால் யோசியுங்கள். இலை எல்லாம் சிவந்து உதிர்ந்து பனி மூடும் புத்தகத்தை வாசித்துவிட்டு வெளியே வந்தால் வேப்பமரம் வேறு கதை சொல்லும். முதலில் பனை, வேம்பு, ஓணான், அணில் இருக்கும் புத்தகங்கள் வரட்டும். தூலிகா, தாரா, பாரதி புத்தகாலயத்தின் புக்ஸ் ஃபார் சில்ரன், நேஷனல் புக் டிரஸ்ட், பிரதம் புக்ஸ் ஆகிய பதிப்பகங்களின் புத்தகங்களை ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போனால் பெரும்பாலும் ஓரிடத்திலேயே கிடைக்கும், பத்து சதவீதத் தள்ளுபடியும் உண்டு. அச்சுப் புத்தகத்துக்கும் குழந்தைகளின் படப் புத்தகத்துக்கும் ஜிஎஸ்டி கிடையாது. பில்லில் புத்தகத்துக்கு வரி போட்டிருந்தால் கேளுங்கள்.

மொழிபெயர்ப்பு கரடுமுரடாக இருந்து படம் நன்றாக இருந்தால், எழுதியிருப்பதை விட்டுவிட்டு உங்கள் பேச்சில் சொல்லுங்கள். எந்தத் தவறும் இல்லை.

கேள்வி: ஆன்லைனில் பெரிய புத்தகம் என்று நினைத்து வாங்கினேன், உள்ளங்கை அளவு வந்தது. அதோடு நான்கு பக்கங்கள் இல்லை. விற்றவர் "புத்தகத்துக்கு ரிட்டர்ன் இல்லை" என்கிறார். (திருச்சி)

பதில்: இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். பக்கம் குறைந்திருப்பது குறைபாடு. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, குறைபாடுள்ள பொருளையோ, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளையோ திரும்ப வாங்க விற்பவர் மறுக்க முடியாது. படம் எடுத்து, அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நடக்கவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள்.

அளவு விஷயத்தில், அந்தப் பக்கத்தில் சென்டிமீட்டர் கணக்கு சரியாகப் போட்டிருந்தால் விற்றவர் மேல் குற்றம் சொல்ல முடியாது. எனக்கும் ஒருமுறை இதே நடந்தது. அன்றிலிருந்து வாங்கும் முன் ஒரு ஸ்கேலை எடுத்து மேஜையில் அளந்து பார்த்துவிடுகிறேன். ஒரு குழந்தைக்கு மடியில் வைத்து வாசிக்க ஏறக்குறைய நோட்டுப் புத்தக அளவு போதும். வகுப்புக்கு வாசிக்க வேண்டுமென்றால் பின் வரிசைக்கும் தெரியும்படி அதைவிடப் பெரிதாகப் பாருங்கள்.

கேள்வி: நான் அங்கன்வாடிப் பணியாளர். முப்பது பிள்ளைகள். புத்தகம் வாங்கப் பணம் இல்லை. (விழுப்புரம் மாவட்டம்)

பதில்: அக்கா, உங்கள் கேள்விக்குத்தான் முதலில் பதில் எழுதியிருக்க வேண்டும். பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக் கதைகள் நிறைய இருக்கின்றன. போனிலேயே வாசிக்கலாம், பதிவிறக்கலாம், அச்செடுக்கலாம். யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற திறந்த உரிமத்தில் தருவதால் அது சட்டப்படி சரிதான். கதைகளை எளிதிலிருந்து கடினம் வரை நிலை பிரித்திருக்கிறார்கள், உங்கள் பிள்ளைகளுக்கு முதல் நிலை, இரண்டாம் நிலைக் கதைகள் சரியாக இருக்கும். யார் வேண்டுமானாலும் மொழிபெயர்த்து ஏற்றலாம் என்பதால் தமிழ் ஒரே தரத்தில் இருக்காது, அச்செடுக்கும் முன் ஒருமுறை வாய்விட்டு வாசித்துவிடுங்கள். பிடித்த ஒரு கதையை மட்டும் பெரிய தாளில் கலரில் எடுத்து, ஓரத்தில் தைத்துக்கொண்டால் பல மாதம் வரும்.

பக்கத்துக் கிளை நூலகத்தில் சிறு வைப்புத்தொகை கட்டி உறுப்பினரானால் புத்தகத்தை எடுத்தே வரலாம். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் துளிர் மாத இதழ் கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கானது. ஆனால் அதில் வரும் எளிய சோதனைகளை நீங்கள் படித்துவிட்டுச் செய்து காட்டலாம்.

கேள்வி: பொத்தானை அழுத்தினால் பறவை கூவும் புத்தகம் பேரனுக்கு வாங்கலாமா? அவனுக்கு ஒரு வயது. (தஞ்சாவூரிலிருந்து ஒரு தாத்தா)

பதில்: ஐயா, பேட்டரி மூடி திருகாணியால் இறுக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். விரலால் திறக்க முடிந்தால் வாங்கவே வேண்டாம். உள்ளே இருப்பது பொத்தான் பேட்டரி. குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே புண்ணாக்கிவிடும். அப்படிச் சந்தேகம் வந்தால் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். ஒரு வயதுக்குக் கெட்டி அட்டைப் புத்தகம் போதும். முனை மழுங்கியிருக்கட்டும், கடித்தாலும் பிய்யாததாக இருக்கட்டும். காகம் எப்படிக் கரையும் என்பதை நீங்களே கரைந்து காட்டுங்கள், பேரன் திருப்பிக் கரைவான்.