நாலு ரியாக்டருக்கும் நாலு சமன்பாட்டை மனப்பாடம் செய்யணுமா?

கேட்டவர் மூன்றாம் ஆண்டு கெமிக்கல் இன்ஜினியரிங் படிக்கிறார். கேள்வி சுருக்கமாக இதுதான்: "பேட்ச், சிஎஸ்டிஆர், பிஎஃப்ஆர், பேக்டு பெட் என்று நாலு ரியாக்டர், நாலு டிசைன் சமன்பாடு. பரீட்சையில் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை எழுதிவிடுகிறேன். எப்படி நினைவில் வைப்பது?" (புதியவர்களுக்கு: ரியாக்டர் என்பது வினை நடக்கும் பாத்திரம். பேட்ச் என்றால் மூடிவைத்து ஓட்டுவது, சிஎஸ்டிஆர் கலக்கிக்கொண்டே ஓட்டம் விடும் தொட்டி, பிஎஃப்ஆர் நீளக் குழாய், பேக்டு பெட் வினையூக்கி நிரப்பிய குழாய். பாத்திரம் எவ்வளவு பெரிது, எவ்வளவு நேரம் என்று சொல்வது டிசைன் சமன்பாடு.)

நினைவில் வைக்காதீர்கள். நானும் அப்படி நெட்டுரு போட்டவன்தான். அது வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், பல்லிளித்த கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

எத்தில் அசிடேட்டையும் காஸ்டிக் சோடாவையும் வினைபுரிய வைக்கும் பரிசோதனை, அநேகமாக உங்கள் லேபிலும் இருக்கும். இரண்டு கரைசலும் லிட்டருக்கு 0.1 மோல். ரோட்டாமீட்டரை (ஓட்டத்தை அளக்கும் கருவி) பார்த்து ஒவ்வொன்றையும் நிமிடத்துக்கு 100 மில்லி வீதம் 2 லிட்டர் தொட்டிக்குள் விட வேண்டும். ஸ்டிரர் சுற்றிக்கொண்டே இருக்கும். ஸ்டெடி ஸ்டேட் (எதுவும் நேரத்தோடு மாறாத நிலை) வந்ததும் வெளியே வருவதைப் பிடித்து, மிச்சமிருக்கும் காஸ்டிக் எவ்வளவு என்று டைட்ரேட் செய்து பார்க்க வேண்டும். அடுத்த வாரமும் இதே பரிசோதனை, ஆனால் தொட்டிக்குப் பதில் 2 லிட்டர் கொள்ளும் சுருள் குழாய்.

எங்கள் குழுவுக்குத் தொட்டியில் 80 சதவீதத்துக்கு மேல் கன்வர்ஷன் (வினையில் மாறிய பங்கு) வந்தது. குழாயில் அதைவிடக் குறைவு. கிராஃப் எல்லாம் அழகாகப் போட்டு ரெக்கார்டைக் கொண்டுபோனோம். பேராசிரியர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "ஏம்ப்பா, அதே கனஅளவு, அதே ஃப்ளோ. உன் சிஎஸ்டிஆர் எப்படிப்பா பிஎஃப்ஆரை ஜெயிச்சுது?" இரண்டு சமன்பாடும் எனக்குத் தலைகீழ்ப் பாடம். வாயில் ஒரு வார்த்தை வரவில்லை.

அந்தக் கேள்வி அப்படியே இருக்கட்டும், பிறகு வருகிறேன்.

ஓர் ஊரின் ஜனத்தொகையை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வருஷம் எவ்வளவு கூடியது என்று கேட்டால், குடிவந்தவர்களிலிருந்து ஊரைவிட்டுப் போனவர்களைக் கழித்து, பிறந்தவர்களைக் கூட்டி, இறந்தவர்களைக் கழிப்போம். மோல் பேலன்ஸ் இவ்வளவுதான்:

உள்ளே வருவது − வெளியே போவது + வினையில் உருவாவது = உள்ளே சேர்வது

நாலும் ஒரு நிமிடத்துக்கு இத்தனை மோல் என்ற கணக்கு. வினைபடுபொருளுக்கு எழுதினால் 'உருவாவது' மைனஸில் வரும், ஏனென்றால் அது செலவாகிறது. பரீட்சைத்தாளில் பாதிப் பேர் இந்தக் குறியில்தான் மார்க்கை விடுகிறார்கள்.

நிறையை விட்டுவிட்டு ஏன் மோலைப் பிடித்துக்கொள்கிறோம்? மொத்த நிறை பிறப்பதும் இல்லை, இறப்பதும் இல்லை. அதற்குக் கணக்கு எழுதினால் 'உருவாவது' எப்போதும் பூஜ்யம், வினை நடந்ததா இல்லையா என்றே தெரியாது. குறிப்பிட்ட ஒரு பொருளின் மோல்தான் பிறக்கும், சாகும். வினையின் சமன்பாடும் மோலில்தானே பேசுகிறது.

இனி எந்த ரியாக்டரைப் பார்த்தாலும் மூன்று விஷயம் கேளுங்கள். ஏதாவது உள்ளே வருகிறதா, வெளியே போகிறதா? உள்ளிருப்பது நேரத்தோடு மாறுகிறதா? எல்லா இடத்திலும் செறிவு ஒன்றுதானா, இடத்துக்கு இடம் வேறா?

பேட்ச்: சார்ஜ் பண்ணி, அதாவது சரக்கை உள்ளே போட்டு, மூடியாயிற்று. வருவதும் இல்லை, போவதும் இல்லை, முதல் இரண்டு உறுப்பும் காலி. வினையில் உருவாவது எவ்வளவோ அவ்வளவுதான் சேர்வது. நேரத்தை வைத்துத் தொகையிட்டால் எத்தனை நிமிடம் ஓட்ட வேண்டும் என்று கிடைக்கும்.

சிஎஸ்டிஆர்: வருகிறது, போகிறது, ஸ்டெடி ஸ்டேட்டில் சேர்வது பூஜ்யம். தொட்டி நன்றாகக் கலங்கியிருப்பதால் எல்லா இடத்திலும் ஒரே செறிவு, ஒரே வினைவேகம். ஆகவே தொகையீடே வேண்டாம், வெறும் வகுத்தல். கனஅளவு = உள்ளே வரும் மோலுக்கும் வெளியே போகும் மோலுக்கும் உள்ள வித்தியாசம் ÷ வெளியேறும் செறிவில் உள்ள வினைவேகம். 'வெளியேறும்' என்ற சொல்லைக் கோடிட்டு வையுங்கள். உள்ளே எல்லாம் ஒன்று என்றால், குழாய் வழியே வெளியே சொட்டுவதும் அதே சரக்குதான்.

பிஎஃப்ஆர்: வருகிறது, போகிறது, நேரத்தோடு மாறவில்லை. ஆனால் குழாயின் வாயில் ஒரு செறிவு, வாலில் ஒரு செறிவு. குழாய் முழுவதற்கும் ஒரே வேகம் போட முடியாது. வாழைத்தண்டை வட்டம் வட்டமாக அரிவதுபோல் குழாயை அரிந்து, ஒரு மெல்லிய வில்லைக்கு மட்டும் பேலன்ஸ் எழுதுங்கள். அதற்குள் செறிவு ஒன்று என்று தைரியமாகச் சொல்லலாம். அப்புறம் எல்லா வில்லைகளையும் கூட்டினால், அதுதான் தொகையீடு.

பேக்டு பெட்டுக்கும் இதே அரிதல்தான். வினை நடப்பது வினையூக்கியின் மேல் என்பதால் லிட்டர் கணக்கை விட்டுவிட்டு வினையூக்கியின் கிலோவில் எழுதுகிறோம், அவ்வளவே வித்தியாசம்.

இங்கே ஒரு பொறியும் உண்டு. வினைவேகம் என்றால் 'செறிவு நேரத்தோடு மாறும் வேகம்' என்று பிளஸ் டூவில் படித்திருப்போம். அது மூடிய பாத்திரத்துக்கு, அதுவும் கனஅளவு மாறாதபோது மட்டும் உண்மை. ஸ்டெடி ஸ்டேட்டில் ஓடும் சிஎஸ்டிஆரில் செறிவு நேரத்தோடு மாறுவதே இல்லை. அப்படியானால் வினையும் நடக்கவில்லையா? ஜோராக நடக்கிறது, வருவதும் போவதும் அதை ஈடுகட்டிக்கொண்டிருக்கின்றன. வினைவேகம் அந்த இடத்தின் வெப்பநிலையையும் செறிவையும் பொறுத்தது. எந்தப் பாத்திரத்தில் நடக்கிறது என்பது அதற்குத் தெரியாது. பாத்திரத்தைப் பற்றிப் பேசுவது பேலன்ஸின் வேலை.

சரி, வைவாவுக்கு வருவோம். இந்த வினையின் வேக மாறிலி 25 டிகிரி செல்சியஸில் தோராயமாக 0.11 லிட்டர்/மோல்-விநாடி, அதாவது நிமிடக் கணக்கில் 6.6. நம் ஊர் லேபின் வெக்கைக்கு அது இன்னும் கூடும், கணக்குக்கு 25 டிகிரியே போதும். இரண்டு கரைசலும் சம அளவில் கலக்கும்போது ஒவ்வொன்றின் செறிவும் பாதியாகி 0.05 ஆகிவிடும். (இதை மறந்து 0.1 போடுபவர்கள் ஒவ்வொரு பேட்சிலும் உண்டு, மாணவர் பேட்சைச் சொல்கிறேன்.) 2 லிட்டரை நிமிடத்துக்கு 200 மில்லியால் வகுத்தால் தங்கும் நேரம் 10 நிமிடம். வேக மாறிலி, செறிவு, நேரம் மூன்றையும் பெருக்கினால் 3.3.

இது இரண்டாம் படி வினை, வேகம் இரண்டு செறிவின் பெருக்கலைப் பொறுத்தது. அதற்குக் குழாயில், மாறிய பங்கு ÷ மாறாத பங்கு = 3.3. விடை சுமார் 77 சதவீதம். தொட்டியில், மாறிய பங்கு ÷ மாறாத பங்கின் வர்க்கம் = 3.3. தீர்த்தால் 58 சதவீதம்தான். ஆக, தொட்டி எந்த நாளும் ஜெயித்திருக்க முடியாது. பின்னே எங்களுக்கு எப்படி 80-ஐத் தாண்டியது?

அன்று எங்கள் பக்கம் ஒரே ஒரு ப்யூரெட்தான் இருந்தது, அதை வேறு குழு வைத்திருந்தது. தொட்டியிலிருந்து பிடித்த சாம்பிளைக் கூம்புக் குடுவையில் மேசைமேல் வைத்துவிட்டு, முறை வரும்வரை அரட்டை அடித்தோம். அளவு தெரிந்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை முன்கூட்டியே குடுவையில் ஊற்றி வைத்து, அதில்தான் சாம்பிளைப் பிடிக்க வேண்டும். அமிலம் காஸ்டிக்கை உடனே விழுங்கிவிடும், வினை அந்த நொடியே நின்றுவிடும். மிஞ்சும் அமிலத்தைப் பினால்ப்தலீன் போட்டு, அளவு தெரிந்த காஸ்டிக்கால் டைட்ரேட் செய்து கண்டுபிடிக்கலாம். நாங்கள் அமிலமே ஊற்றவில்லை. அந்தக் கூம்புக் குடுவை ஒரு பேட்ச் ரியாக்டராக ஓடிக்கொண்டிருந்தது! 58 சதவீதத்தில் வெளியே வந்த கரைசல் 10 நிமிடம் சும்மா நின்றால் 82 சதவீதம் ஆகிவிடும், பேட்ச் சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள். அடுத்த வாரம் குழாய்ப் பரிசோதனையில் ப்யூரெட் கையிலேயே இருந்ததால் ஒழுங்கான எண் வந்தது. நாங்கள் அளந்தது சிஎஸ்டிஆரை அல்ல, ஒரு சிஎஸ்டிஆருக்குப் பின்னால் வரிசையாக ஒரு பேட்ச். எல்லைக்கோட்டை எங்கே போடுகிறோம் என்பதுதான் பேலன்ஸின் முதல் வரி. அதைத் தவறான இடத்தில் போட்டிருந்தோம்.

இப்போது டிசைன். அதே 200 மில்லி ஓட்டத்துக்கு 80 சதவீதம் வேண்டும் என்றால் குழாய் சுமார் 2.4 லிட்டர் போதும். தொட்டிக்கு 12 லிட்டர், ஐந்து மடங்கு. 90 சதவீதம் கேட்டால் குழாய் 5.5 லிட்டர், தொட்டி 54.5 லிட்டர், பத்து மடங்கு! தொட்டிக்குள் எல்லா இடமும் வெளியேறும் செறிவில், அதாவது மிகக் குறைந்த செறிவில், மிக மந்தமான வேகத்தில் இருக்கிறது. குழாயிலோ முன்பகுதி முழு வேகத்தில் ஓடி, கடைசியில்தான் மந்தமாகிறது. தொட்டி தன் வாழ்நாள் முழுக்கக் குழாயின் கடைசி அங்குலத்திலேயே குடியிருக்கிறது.

ஒரே தொட்டிக்குப் பதில் இரண்டு சம தொட்டிகளை வரிசையில் வைத்தால்? 80 சதவீதத்துக்கு மொத்தம் 5.3 லிட்டர் போதும். 12 லிட்டர் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. தொட்டிகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போனால் குழாயை நெருங்கும்.

இதைப் படித்துவிட்டு 'சிஎஸ்டிஆர் மட்டம்' என்று எழுதிவிடாதீர்கள். இந்த மடங்குக் கணக்கு செறிவு குறையக் குறைய வேகமும் குறையும் வினைகளுக்கு. பூஜ்யப் படி வினைக்கு (வேகம் செறிவைப் பொறுத்ததல்ல) தொட்டியும் குழாயும் ஒன்றே. விளைபொருளே வினையை ஊக்குவிக்கும் நொதித்தல் போன்றவற்றில், ஓர் எல்லைவரை தொட்டிதான் சிறியது. கெட்டியான குழம்பு, அடியில் படியும் திடப்பொருள் என்றால் குழாய் அடைத்துக்கொள்ளும். வெப்பம் அதிகம் கக்கும் வினை என்றால் குழாயின் முன்பகுதி கொதித்துவிடும், தொட்டியில் அது பரவி அடங்கும். காலித் தொட்டியின் விலை பெரிய விஷயமே இல்லை, பல நேரம் குளிர்விப்பதுதான் செலவு.

பேட்சுக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது, பாடத்தில் அது ஒரு வரியோடு போய்விடும். கனஅளவு மாறாத வினைக்குப் பேட்ச் நேரமும் குழாயில் தங்கும் நேரமும் ஒன்றே. 80 சதவீதத்துக்கு 12 நிமிடம். ஆனால் ஃபேக்டரியில் சார்ஜ் பண்ண, சூடேற்ற, ஆறவைக்க, டிஸ்சார்ஜ் பண்ண, கழுவ என்று மணிக்கணக்கில் போகும். நான் முதலில் வேலை பார்த்த இடத்தில் 4 மணி நேர வினைக்கு நாளைக்கு 6 பேட்ச் எடுக்கலாம் என்று ஷீட்டில் போட்டுக் கொடுத்தேன். ஷிஃப்ட் சூப்பர்வைசர் வாங்கிப் பார்த்துவிட்டு, "கழுவுறது யாரு சார், நீங்களா?" என்றார். நடைமுறையில் 3 பேட்ச்தான் வந்தது.

பெரிதாக்கும்போது மோல் பேலன்ஸ் சொல்லாத ஒன்றும் உண்டு. பாத்திரத்தின் எல்லா அளவையும் இரண்டு மடங்காக்கினால் கனஅளவு 8 மடங்கு, ஜாக்கெட்டின் (குளிர்விக்கும் வெளியுறை) பரப்பு 4 மடங்குதான். வெப்பம் கனஅளவில் பிறக்கிறது, பரப்பு வழியாக வெளியேறுகிறது. 2007 டிசம்பர் 19-ல் ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில்லில் டி2 லேபரட்டரீஸ் ஆலையில் பேட்ச் ரியாக்டர் ஒன்று குளிர்விப்பு தவறியதால் கைமீறி வெடித்து 4 பேர் இறந்தார்கள். ஆகவே மோல் பேலன்ஸ் முடிந்ததும் கையோடு எனர்ஜி பேலன்ஸையும், அதாவது வெப்பத்துக்கான இதே கணக்கையும், எழுதிவிடுங்கள்.

வாயு வினைகளில் மோல் எண்ணிக்கை மாறினால் கன ஓட்டமும் மாறும் என்பதை மறக்காதீர்கள். அம்மோனியா தயாரிப்பு இதற்கு நல்ல உதாரணம், பேக்டு பெட்டுக்கும் அதுதான் உதாரணம். ஒரு நைட்ரஜன், மூன்று ஹைட்ரஜன், மொத்தம் நாலு மோல் போய் இரண்டு மோல் அம்மோனியா. 25 மோல் நைட்ரஜனும் 75 மோல் ஹைட்ரஜனும் உள்ளே போய் 20 சதவீதம் மாறினால், 20 நைட்ரஜன், 60 ஹைட்ரஜன், 10 அம்மோனியா, மொத்தம் 90. வெப்பநிலையும் அழுத்தமும் அப்படியே இருந்தால் கன ஓட்டம் பத்தில் ஒன்று சுருங்கிவிட்டது. செறிவு என்பது மோல் ஓட்டம் ÷ கன ஓட்டம், ஆகவே பழைய கன ஓட்டத்தையே கீழே போட்டால் கணக்கு கெட்டுவிடும். படுகைக்குள் அழுத்தமும் இறங்கும், அதற்கு எர்குன் சமன்பாடு. ஒரு தடவை போகும்போது மாறுவது கொஞ்சம்தான் என்பதால், அம்மோனியாவைப் பிரித்தெடுத்துவிட்டு மிச்ச வாயுவைத் திரும்ப உள்ளே விடுகிறார்கள். அங்கும் எல்லைக்கோட்டைக் கன்வர்ட்டரை (அம்மோனியா உருவாகும் ரியாக்டர்) மட்டும் சுற்றிப் போடுகிறீர்களா, முழு லூப்பையும் சுற்றியா என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

நாலு சமன்பாடு குழப்புகிறது என்றீர்களே, ஐந்தாவது ஒன்று சொல்கிறேன், உங்கள் சிலபஸில் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். மருந்து, சாயத் தொழிற்சாலைகளில் ஒரு பொருளை முழுதாகக் கெட்டிலில் சார்ஜ் பண்ணிவிட்டு, இன்னொன்றைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள், வெப்பத்தை அடக்கி வைக்க. வருகிறது, போகவில்லை, நேரத்தோடு மாறுகிறது, நன்றாகக் கலங்குகிறது, கனஅளவும் ஏறிக்கொண்டே போகிறது. எந்த உறுப்பு காலி, எது மிச்சம் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள், இரண்டு பொருளுக்கும் தனித்தனியாக. எங்காவது முட்டினால் தாளைப் படம் எடுத்து இங்கேயே கமெண்டில் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.